பெருந்தச்சனின் பெயர்

சுவிட்சர்லாந்தில் இன்டர்லாக்கன் என்றொரு சிறு நகர் உண்டு. இரண்டு ஏரிகளுக்கு நடுவே, பனி மூடிய மலைகளின் அடிவாரத்தில் அமைந்தது. அங்கே, முன்பு இராணுவ விமானத் தளமாக இருந்த நிலத்தில், 2003ஆம் ஆண்டு மே மாதம் ஒரு பூங்கா திறக்கப்பட்டது. 'மிஸ்டரி பார்க்', அதாவது மர்மப் பூங்கா, என்பது அதன் பெயர். எட்டுக் கோடி சுவிஸ் ஃபிராங்குக்கும் மேல் செலவிட்டு ஏழு மண்டபங்கள் எழுப்பினார்கள். எகிப்தின் பிரமிடுகளுக்கு ஒன்று, மாயர்களுக்கு ஒன்று, பெரு நாட்டு நாஸ்கா சமவெளியின் கோடுகளுக்கு ஒன்று என்று போகும் அந்த வரிசையில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த மண்டபத்தின் பெயர் 'விமானா'.

பூங்காவின் மூளை எரிக் வான் டேனிக்கன். பழங்காலத்தில் விண்ணிலிருந்து வேற்றுக்கோள் வாசிகள் வந்தார்கள். அவர்களையே நம் முன்னோர் தெய்வங்கள் என்று எண்ணிவிட்டார்கள். மனிதனால் கட்ட முடியாதவை என்று தோன்றும் கட்டடங்களுக்குப் பின்னால் அவர்களுடைய அறிவு இருக்கிறது. இதுதான் அவர் 1968இல் எழுதிய முதல் நூலின் சாரம். அந்நூல் பல மொழிகளில் இலட்சக்கணக்கில் விற்றது. அவரைப் பண மோசடி வழக்கில் 1970இல் நீதிமன்றம் தண்டித்தது உண்டு. அதை எடுத்துக் காட்டி அவருடைய கருத்தை மறுப்போரும் உண்டு. அந்த வழி நமக்கு வேண்டாம். ஒருவர் சிறை சென்றார் என்பதால் அவர் சொல்வது பொய்யாகிவிடாது. பவுலடியாரும் சிறையிலிருந்துதான் எழுதினார்.

கருத்தைக் கருத்தாகவே பார்ப்போம். டேனிக்கனின் முறை, வினா எழுப்பும் முறை. அவர் எதையும் அடித்துச் சொல்வதில்லை. "இப்படியும் இருந்திருக்கலாம் அல்லவா?" என்று கேட்பார். அடுத்த பக்கத்தில் அந்த 'இருந்திருக்கலாம்' ஒரு படி ஏறி நிற்கும். பத்துப் பக்கம் கழிந்தால் அதே செய்தி ஐயத்துக்கு இடமில்லாத உண்மையாகி, அதன் மேல் இன்னொரு 'இருந்திருக்கலாம்' வந்து அமரும். பூங்காவும் இவ்வாறே அமைந்தது. நாங்கள் விடை தரவில்லை, வினாவை மட்டுமே எழுப்புகிறோம் என்று சொல்லி நுழைவுச் சீட்டு விற்றார்கள். அந்நாட்டு அறிவியலார் சிலர் கடுமையாகக் கண்டித்தனர். ஆனால் பூங்காவைச் சாய்த்தது அவர்களுடைய கண்டனம் அன்று, கணக்குப் புத்தகம். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை; 2006 நவம்பரில் கதவடைத்தார்கள். 2009இல் வேறு நிறுவனத்தின் கையில், வேறு பெயரில் அது மீண்டும் திறந்தது.

எங்கோ ஆல்ப்ஸ் மலையடியில் எழுந்து விழுந்த ஒரு பூங்காவைப் பற்றி, ஐயப்பன்தாங்கல் பேருந்துப் பணிமனைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நமக்கு என்ன கவலை என்று வாசகர் கேட்கலாம். கவலை உண்டு. அந்த மண்டபங்கள் இடிந்து போகவில்லை. இடம் பெயர்ந்து நம் பிள்ளைகளின் உள்ளங்கைக்கு வந்துவிட்டன. செல்பேசியைத் திறந்து 'தஞ்சைப் பெரிய கோயில்' என்று தேடினால், கோயிலின் வரலாற்றைச் சொல்லும் காணொளிக்கு அருகிலேயே, அதைக் கட்டியது மனிதரா என்று திகில் இசையோடு கேட்கும் காணொளியும் நிற்கிறது. இவற்றுக்கு நுழைவுச் சீட்டும் இல்லை, மூடும் நேரமும் இல்லை. எங்கள் பகுதியில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "எசேக்கியேல் பார்த்தது பறக்கும் தட்டுதானே, சார்?" என்று கேட்டான். கேலிக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பினான். அவனுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாம்.

முதலில் தஞ்சைக்குப் போவோம். இருநூறு அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் அந்தக் கருங்கல் விமானத்தைக் கண்டு வாயடைத்துப் போகாதவர் இல்லை. இக்காலத்துப் பளுதூக்கி இல்லாத நாளில் இதை எப்படிக் கட்டினார்கள் என்ற வினா இயல்பாக எழுவது, எழவும் வேண்டும். ஆனால் 'யார் கட்டினார்கள்' என்பது வினாவே அன்று. அதற்கு விடை அந்தக் கோயிலின் சுவரிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. முதலாம் இராஜராஜன் 1010ஆம் ஆண்டில் நிறைவு செய்த அக்கோயிலின் கல்வெட்டு, தலைமைச் சிற்பியைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது: வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன். அவனுக்குத் துணைநின்ற தச்சர்களின் பெயர்களும் உண்டு. கோயிற் பணிக்கெனப் பல ஊர்களிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 ஆடல் மகளிரின் பெயர்கள் உண்டு. எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு யாருக்கு என்பதும், ஆண்டுக்கு எவ்வளவு நெல் என்பதும் உண்டு. உலகின் வேறெந்தப் பேராலயமாவது தன் ஊழியரின் வீட்டு எண் வரை கல்லில் பொறித்து வைத்திருக்கிறதா என்பது எனக்கு ஐயமே. கற்களைச் சாரம் கட்டி ஏற்றினார்களா, சாய்தளம் அமைத்து இழுத்தார்களா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். வாதிடட்டும். அந்த வாதத்தின் இருபுறமும் நிற்பவர்கள் மனிதர்களின் தோள்களைப் பற்றியே பேசுகிறார்கள்.

இப்படிப் பெயர் எழுதி ஒட்டப்பட்ட ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, இது யாருடையது என்று தெரியவில்லையே என்று கூவுகிறவனை நாம் என்னவென்று அழைப்போம்?

எகிப்திலும் இதே கதைதான். கீசா பிரமிடுகளைக் கட்டிய தொழிலாளரின் கல்லறைகள் 1990 முதல் தோண்டி எடுக்கப்பட்டன. அங்கே கிடைத்த எலும்புகளில் முறிந்து, பின் கட்டுப் போட்டு ஒழுங்காகக் கூடிய கைகால்கள் இருக்கின்றன. அதாவது கல் விழுந்து அடிபட்டவனுக்கு மருத்துவம் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு உணவளிக்க ரொட்டி சுட்ட கூடங்களும் அகப்பட்டன. செங்கடல் கரையில் வாடி அல்-ஜார்ஃப் என்னுமிடத்தில், 2013இல் பியர் தாலே என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு பாப்பிரசுச் சுருள்களைக் கண்டெடுத்தது. எழுத்துள்ள பாப்பிரசுகளில் இதுவரை கிடைத்தவற்றுள் அவையே மிகப் பழையவை. அவற்றில் மெரர் என்ற ஒரு மேற்பார்வையாளனின் நாட்குறிப்பு இருக்கிறது. தன் கீழிருந்த ஏறத்தாழ நாற்பது ஆட்களோடு துரா கற்சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றி, கூஃபு மன்னனின் பிரமிடுக்கு இறக்கி, மறுபடியும் துராவுக்குத் திரும்பிய நாட்கள் அதில் வரிசையாக வருகின்றன. இன்று ஏற்றினோம், நாளை இறக்குவோம் என்ற ரீதியில் சலிப்பூட்டும் குறிப்புகள். எனக்கு அந்தச் சலிப்பு, மர்மப் பூங்காவின் எல்லா மின்விளக்குகளையும்விட மேலானதாகப் படுகிறது. நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவன் தன் வேலையைக் கணக்கெழுதி வைத்திருக்கிறான்!

நாஸ்கா கோடுகளை வானிலிருந்து பார்த்தால்தான் தெரியும், எனவே வானில் இருந்தவர்களுக்காகவே வரைந்தார்கள் என்பது இன்னொரு வாதம். 1982இல் ஜோ நிக்கெல் என்ற அமெரிக்கர் சில உறவினரைச் சேர்த்துக்கொண்டு, மர முளைகளும் கயிறும் கொண்டு, 440 அடி நீளமுள்ள அதே பறவை உருவத்தை ஒரு வயலில் வரைந்து காட்டினார். அத்தோடு அந்த வாதத்தை விட்டுவிடலாம்.

ஆனால் விட்டுவிட முடியாத ஒன்று இருக்கிறது. அந்தப் பூங்காவில் யாருடைய படைப்புகள் விண்வாசிகளுக்கு எழுதி வைக்கப்பட்டன? இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கற்களுக்கும் ஒரு மண்டபம் இருந்தது உண்மைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் பெரும்பகுதி எகிப்தியரும் மாயரும் பெருவின் பழங்குடியினரும் இந்தியரும் செய்தவை. கொலோன் பேராலயத்தின் கூரிய கோபுரங்களை எந்த விண்கலம் கட்டியது என்று யாரும் நூல் எழுதி விற்பதில்லை. ஐரோப்பியன் கட்டினால் அது கலை. கறுப்பனும் பழுப்பனும் கட்டினால் அது மர்மம்! இது புதிய பழக்கமும் அன்று. ஆப்பிரிக்காவில் பெரும் சிம்பாப்வே என்ற கற்கோட்டையைக் கண்ட வெள்ளையர், இதைக் கறுப்பர் கட்டியிருக்க முடியாது, ஃபினீசியரோ சேபா நாட்டு அரசியோதான் கட்டியிருக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் சாதித்தார்கள். 1929இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்ப்சன் என்ற பெண் ஆய்வாளர் அது ஆப்பிரிக்கரின் படைப்பே என்று நிறுவிய பின்னும், ரொடீசியாவை ஆண்டவர்களுக்கு அந்த உண்மை கசந்தது. அன்று சேபா அரசி, இன்று வேற்றுக்கோள் வாசி. பறிகொடுத்தவன் என்னவோ ஒருவனே.

இதைவிட வருத்தமானது, பறிகொடுப்பதையே பெருமை என்று எண்ணி நாமும் கைதட்டுவது. விமானா என்று ஒரு மண்டபம் இருந்தது என்றவுடன், பார்த்தீர்களா, வெள்ளைக்காரனே ஒப்புக்கொண்டுவிட்டான் என்று மார்தட்டுவோர் நம்மிடையே உண்டு. பழங்கால விமானங்களுக்குச் சான்றாகக் காட்டப்படும் 'வைமானிக சாஸ்திரம்' என்ற நூலைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1974இல் ஆராய்ந்தார்கள். அது தொன்மையான நூல் அன்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. அதில் விவரிக்கப்படும் கலங்கள் பறக்க இயலாதவை என்று தெளிவாக எழுதினார்கள். அதன் பின்னும், 2015 சனவரியில் மும்பையில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டு மேடையில் பழங்கால விமானங்களைப் பற்றி ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. இராமாயணத்தின் புட்பக விமானம் கவிஞனின் கற்பனையில் பிறந்தது. அந்தக் கற்பனைக்குத் தலைவணங்குவதை விட்டு, அதற்கு எந்திரப் படம் வரைவது கவிஞனையும் அவமதிப்பது, பொறியாளனையும் அவமதிப்பது.

உண்மையில் வியக்கத்தக்கது வேறெங்கோ இருக்கிறது. தில்லியில் குதுப் மினாரின் அருகே நிற்கும் இரும்புத் தூண் ஏறத்தாழ 7 மீட்டர் உயரமும் 6 டன்னுக்கு மேல் எடையும் உடையது. 1600 ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் துருவால் அழியாமல் நிற்கிறது. டேனிக்கன் தம் முதல் நூலில் இதையும் விண்வாசிகளின் கணக்கில் சேர்த்தார். பிற்பாடு 1974இல் ஒரு பேட்டியில், அதை விட்டுவிடலாம் என்று அவரே கைகழுவினார். கான்பூர் ஐஐடியின் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் காரணத்தை விளக்கினார்: அக்காலக் கொல்லர் உருக்கிய இரும்பில் பாஸ்பரஸ் மிகுதி, அதனால் இரும்பின் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலம் ஒன்று உருவாகிறது. விண்வாசியை நம்பியிருந்தால் நமக்குக் கிடைப்பது ஒரு பெருமூச்சு. கொல்லனை நம்பியதால் கிடைத்தது ஒரு உலோகவியல்.

இனி அந்த மாணவனின் கேள்வி. டேனிக்கன் கத்தோலிக்கச் சூழலில் வளர்ந்தவர். புனித பேதுரு கனீசியு தோற்றுவித்த ஃபிரிபூர் நகரத்துப் புனித மிக்கேல் கல்லூரியில் படித்தவர். விவிலியம் அவருக்குப் புதிதல்ல. அதனாலேயே அவர் அதில் கை வைத்தார். சோதோமின் அழிவு அணுகுண்டு வெடிப்பாகியது. உடன்படிக்கைப் பேழை மின்சாரம் தேக்கும் கருவியாகியது. பேழையைத் தொட்டு இறந்த உசா, மின்னதிர்ச்சியால் இறந்தவனானான். எசேக்கியேல் கண்ட சக்கரங்கள் தரையிறங்கும் விண்கலமாயின. இந்தக் கடைசிக் கருத்தைத் தொடர்ந்து, நாசாவில் பணியாற்றிய யோசஃப் புளும்ரிச் என்ற பொறியாளர் 1970களில் அந்தக் கலத்துக்கு வரைபடமே போட்டு ஒரு நூல் எழுதினார்.

பேழையை எடுத்துக்கொள்வோம். அதைச் செய்தது யார் என்று விவிலியம் மறைக்கவில்லை. விடுதலைப் பயண நூலின் 31ஆம் அதிகாரத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். யூதா குலத்து ஊரியின் மகன் பெட்சலேலைக் கடவுள் பெயர் சொல்லி அழைக்கிறார். அவனைத் தம் ஆவியால் நிரப்புகிறார். எதற்காக? இறைவாக்கு உரைப்பதற்காக அன்று. பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்யவும், கல் பதிக்கவும், மரம் செதுக்கவும். ஒரு கைவினைஞனின் விரல்களுக்குள் இறை ஆவி இறங்குகிறது என்று சொல்லத் துணிந்த நூல் அது. அந்தப் பெட்சலேலை எடுத்தெறிந்துவிட்டு, அவன் இடத்தில் ஒரு வேற்றுக்கோள் பொறியாளனை நிறுத்தினால் இழப்பது ஒரு பெயரை மட்டுமா? நாம் வழிபடுகிற ஆண்டவரையே ஊரார் தச்சரின் மகன் என்றுதான் அடையாளம் சொன்னார்கள். மனித உழைப்பைப் பற்றித் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் ஒரு சுற்றுமடலே எழுதினார். குஞ்சரமல்லனின் பெயரை அழிப்பவனோடு, சைவக் கோயில் விவகாரம் நமக்கெதற்கு என்று ஒதுங்கி நிற்க ஒரு கத்தோலிக்கனுக்கு உரிமையில்லை. குஞ்சரமல்லனை அழிக்கும் கைதான் பெட்சலேலையும் அழிக்கிறது.

எசேக்கியேல் ஒரு குரு. எருசலேமில் கோயிற் பணி செய்ய வேண்டியவர், பாபிலோனில் கெபார் ஆற்றங்கரையில் நாடு கடத்தப்பட்டவர்களோடு கிடக்கிறார். கி.மு. 593ஆம் ஆண்டு. தங்கள் கடவுள் எருசலேம் கோயிலில் குடியிருப்பவர். அங்கிருந்து பிடுங்கி எறியப்பட்ட தங்களை அவர் கைவிட்டுவிட்டார் என்று அந்த மக்கள் நம்பிய காலம். அப்போது அவர் காண்கிறார்: கடவுளின் அரியணைக்குச் சக்கரங்கள் இருக்கின்றன! எத்திசையிலும் திரும்பாமலே செல்லக்கூடிய சக்கரங்கள். கடவுள் ஓரிடத்தில் கட்டுண்டவர் அல்லர், நாடு கடத்தப்பட்டவர்களோடு அவரும் வந்திருக்கிறார் என்பதே அக்காட்சியின் செய்தி. விவிலிய ஆசிரியர்கள் எந்த இலக்கிய வகையில் எழுதினார்கள் என்று பார்த்தே பொருள் கொள்ள வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கற்பித்தது இதற்காகத்தான். இந்தச் சுற்றுவட்டாரத்தில் நாம் பலர் தென்மாவட்டங்களில் இருந்து பிழைப்புத் தேடி வந்து குடியேறியவர்கள். சொந்த ஊர்க் கோயிலையும் திருவிழாத் தேரையும் விட்டு வந்த அந்த ஏக்கம் நமக்குத் தெரியும். எசேக்கியேலின் சக்கரங்கள் நமக்காகவும் சுழன்றவை. அதை விண்கலத்தின் தரையிறங்கு கால் என்று சொல்வது, ஓர் ஆறுதல் கடிதத்தை வாங்கி, அதன் தாள் எந்த ஆலையில் செய்தது என்று ஆராய்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதைப் போன்றது.

வேற்றுக்கோள்களில் உயிர்கள் இருப்பதைத் திருச்சபை அஞ்சுகிறது, அதனால்தான் இந்த எதிர்ப்பு என்பார் சிலர். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கடவுளால் ஒன்றுக்கு மேற்பட்ட உலகங்களைப் படைக்க முடியாது என்ற கூற்றைப் பாரிஸ் ஆயர் எத்தியேன் தாம்பியே 1277இலேயே கண்டித்தார். வத்திக்கான் வானாய்வுக் கூடத்தின் இயக்குநராக இருந்த இயேசு சபைக் குரு ஹோசே கபிரியேல் ஃபூனெஸ் 2008இல் வத்திக்கான் நாளேட்டுக்கு அளித்த பேட்டியில், அத்தகைய உயிர்கள் இருக்கக்கூடும் என்பதற்கும் நம் விசுவாசத்துக்கும் முரண்பாடு இல்லை என்றார். விண்ணில் யாரேனும் இருந்தால் அவர்களும் படைப்பின் பங்காளிகளே. இருக்கட்டும். தஞ்சைக் கோயிலை மட்டும் அவர்கள் கட்டவில்லை.

நம் வீட்டுக் குப்பையையும் கொஞ்சம் பெருக்க வேண்டும். மர்மத்தின் மீது நமக்கும் தீராத பசி உண்டு. மூன்று நாள் இருள் வரப்போகிறது, மந்திரித்த மெழுகுதிரி மட்டுமே எரியும் என்ற துண்டுப் பிரசுரங்களை நம் வீட்டு விவிலியத்தின் நடுவில் பத்திரப்படுத்தியவர்கள் நாம். பாத்திமா அன்னையின் மூன்றாவது இரகசியம் 2000ஆம் ஆண்டு சூன் மாதம் வெளியிடப்பட்டபோது, இவ்வளவுதானா, இன்னொன்றை மறைக்கிறார்கள் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. செபமாலையில் நாம் தியானிப்பவற்றை முன்பு 'தேவ இரகசியம்' என்றார்கள், இப்போது 'மறைபொருள்' என்கிறோம். மர்மம் என்று எந்தத் தலைமுறையும் சொல்லவில்லை. மர்மம் விடை தெரிந்தவுடன் செத்துவிடும். ஆகவே அதை விற்பவன் விடை தெரியாமல் பார்த்துக்கொள்வான். கிறிஸ்து பிறப்பை ஆயிரம் முறை தியானித்த பாட்டிக்கு ஆயிரத்தோராவது முறையும் அது தீர்ந்து போவதில்லை. பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டை நாம் கற்றுத் தரவில்லையென்றால், பறக்கும் தட்டுக்காரன் வந்து ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துவிட்டுப் போவான்.

பழமையின் உண்மையான வியப்பைக் காண நாம் இன்டர்லாக்கனுக்குப் போக வேண்டியதில்லை. நம் ஊர்ப் பெயரில் ஒட்டியிருக்கும் 'தாங்கல்' என்ற சொல்லே நீர் தாங்கும் ஏரியைக் குறிப்பது. மேட்டு நீரைத் தாங்கி, பள்ளத்துக்கு விட்ட முன்னோரின் கணக்கு அது. ஏரியைத் தூர்த்து வீடு கட்டிய நாம், 2015 டிசம்பரில் தண்ணீர் வாசலுக்கு வந்தபோதுதான் அந்தக் கணக்கை நினைத்தோம். இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத பல்லாவரத்தில், 1863 மே 30 அன்று, நிலவியல் ஆய்வாளர் இராபர்ட் புரூஸ் ஃபுட் தரையிலிருந்து ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். அது மனிதக் கை செதுக்கிய கைக்கோடரி. இந்தியாவின் தொல் பழங்கால ஆய்வு அந்தக் கல்லில் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகளைக் கண்டார்கள். அங்கே பல ஆண்டுகள் அகழாய்ந்த சாந்தி பப்புவும் அவர் குழுவினரும், அக்கருவிகளுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011இல் அறிவித்தனர்.

பூண்டி நீர்த்தேக்கத்தின் அருகே அரசின் தொல்பழங்கால அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அத்திரம்பாக்கம் அதற்குப் பக்கம். திருவள்ளூருக்குத் தொடர்வண்டியில் போய், அங்கிருந்து பேருந்தில் போகலாம். கோடை விடுமுறையில் மறைக்கல்வி மாணவர்களைக் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லத் திட்டமிடும் பங்குகள், அந்த ஒரு நாளில் பாதியை இதற்கு ஒதுக்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கைக்கோடரியைப் பார்க்கும்போது, அதைப் பிடிக்கத் தன் உள்ளங்கையை எப்படி மடக்க வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளையும் மடக்கிப் பார்க்கட்டும்.